நாக்கு வனஜா, வார்த்தை கோமதி

செய்தி வந்தபோது நான் லைனில் நின்றிருந்தேன். கைபேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் தொழிற்சாலை விதி. அதனால் எனக்கு முன்பே மோரி சானுக்குத் தெரிந்துவிட்டது. மோரி சான் எங்கள் பிரிவின் ஜப்பானியப் பொறியாளர்; பெயருக்குப் பின்னால் வரும் சான், அவர்கள் மரியாதைச் சொல். தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி வேலை நடக்கும் இடத்துக்குள் வரவே மாட்டார். அன்று தாண்டினார். நேராக என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். “கோமதி சான்,” என்று அக்காவின் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் இல்லை. எனக்கு ஜப்பானிய மொழி இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொல்ல வேண்டியவர்தான் போய்விட்டிருந்தார்.

லாக்கரைத் திறந்து பார்த்தேன். கோமதி அக்காவின் கணவர் பாலு சார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே செய்தி அனுப்பியிருந்தார். “கோமதி இன்று காலை காலமானாள். காபி போட எழுந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாரடைப்பு என்கிறார் டாக்டர். வலியில்லாமல் போனாள். வனஜாவுக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.” அந்தக் கடைசி வரியில் என் பெயரைப் படித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் கோமதி அக்காவை “நுரை அடங்கட்டும்” என்ற இணையப் பக்கத்தின் வழியாக மட்டும் அறிந்தவர்கள். வலுவான ஏல்களைச் சுவைத்துப் பார்த்துத் தமிழில் மதிப்புரை எழுதியவர் என்று தெரியும். அவரைப் பார்த்திராதவர்கள் ஒரு பெரிய உருவத்தைக் கற்பனை செய்திருப்பீர்கள். அவர் ஐந்தடிக்கும் கீழே. பருத்திப் புடவை, அதன்மேல் தொழிற்சாலையின் சாம்பல் நிறக் கோட்டு, காலில் இரும்புமுனை வைத்த ஷூ. சங்கரன்கோவில்காரர். சென்னைக்கு வந்து ஜப்பானிய மொழி படித்து, ஒரகடத்தில் கார் செய்யும் எங்கள் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர். லைனில் எல்லாருக்கும் அவர் “டிரான்ஸ்லேட்டர் மேடம்”. எனக்கு மட்டும் பிறகு அக்காவானார். அது சாம்பாரால் நடந்தது.

நான் மணிமங்கலத்துக்காரி. எங்கள் வீட்டில் இப்போதும் கொஞ்சம் பயிர் உண்டு. சாப்பாட்டில் குறை இருந்தால் எனக்கு வாயை அடக்கத் தெரியாது. ஒருநாள் கேன்டீனில் சாம்பாரை வாயில் வைத்ததும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, “இன்னா சாம்பார் இது? துணி தொவச்ச தண்ணி மாதிரி கீது!” என்று கத்திவிட்டேன். அடுத்த மேசையில் ஜப்பானிய மேலாளர். பக்கத்தில் கோமதி மேடம். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று மேலாளர் கேட்டிருக்கிறார். “கொஞ்சம் உப்புக் குறைவு என்கிறாள்” என்று சொல்லி முடித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பார்கள். மேடம் எழுந்து என்னிடம் வந்தார்.

“துணி தொவச்ச தண்ணின்னா, சோப்பு போட்ட துணியா, போடாத துணியா?”

நான் பயந்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. யோசித்தேன். “போடாத துணி மேடம். மழைக்காலத்துல காயாம நாலு நாள் கிடந்து, அப்புறம் அலசுவோமே, அந்தத் தண்ணி.”

“அப்படிச் சொல்லு,” என்றார். திரும்பிப் போய் அதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னார். மழைக்காலத்தைச் சொல்லும்போது கையால் மழையும் பெய்தார். மேலாளர் ஒரு கரண்டி சாம்பாரை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். “சரியாச் சொல்லியிருக்கன்னு சொல்லுதாரு,” என்று மேடம் எனக்குத் திருப்பிச் சொன்னார். பருப்பு வைத்திருந்த அறையில் கூரை ஒழுகியது அன்று மாலையே கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டில் என் எதிரே வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஏல் என்றால் என்ன என்று எனக்கு அவர்தான் சொன்னார். பீரில் ஒரு வகை. சிறிய ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுவார்கள். தானியத்தை வறுக்கும் விதத்திலும் ஊறவைக்கும் காலத்திலும் சுவை மாறிக்கொண்டே இருக்கும். வேலைப் பயிற்சிக்காக ஜப்பான் போயிருந்தபோது, அவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்த ஒரு பொறியாளர் சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக ஒன்றை ஊற்றிக் கொடுத்தாராம். மறுத்தால் மரியாதையில்லை என்று ஒரு மிடறு குடித்தார். “குடிச்சா, எங்க ஊர்க் கருப்பட்டி! கடல் தாண்டி வந்து ஒருத்தன் வீட்டுல உக்காந்துருக்கேன், வாயில சங்கரன்கோவில் கடைத்தெரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு,” என்பார்.

ஊர் திரும்பியதும் இணையத்தில் தேடியிருக்கிறார். எல்லா மதிப்புரையும் ஆங்கிலத்தில். பிளம் பழம், டாஃபி, ஓக் மரம் என்று எழுதியிருந்தார்கள். அந்த மரத்தை முகர்ந்தவர் நம் ஊரில் யார் என்று அவருக்குக் கோபம். கசப்புக்கு அவர்களிடம் ஒரே சொல்தான் இருக்கிறது என்பது அடுத்த கோபம். “வெந்தயக் கசப்பு வேற, வேப்பம்பூக் கசப்பு வேற, சுண்டைக்காய் வத்தல் வேற, நார்த்தங்காய்த் தோல் வேற. கசப்ப வெரைட்டியா வச்சுச் சோத்துல பெசஞ்சு திங்கிற சனம் நாம. நமக்கு இவங்க கசப்பு சொல்லித் தரணுமா?” இந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் “நுரை அடங்கட்டும்”.

பாட்டில்கள் பெரும்பாலும் ஊருக்குப் போய்த் திரும்பும் பொறியாளர்களின் பெட்டியில், துணிக்கு நடுவே ஒன்றாக வந்து சேரும். மற்றவற்றுக்கு அவரும் பாலு சாரும் பெங்களூரு போவார்கள். பாலு சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனால் மதிப்புரைக்குக் கீழே “புகைப்படம்: பாலு” என்று அவர் பெயர் இருக்கும். கண்ணாடிக் குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நுரை இறங்கி நிறம் தெளியும்வரை குனிந்தபடியே காத்திருப்பார். “நிறம் நல்லாருக்கு. மத்ததெல்லாம் நீ சொல்லு,” என்பது அவருடைய மதிப்புரை.

அக்கா குடிப்பது மூன்று மிடறு. முதல் மிடறு வாயை எழுப்ப, இரண்டாவது கேள்வி கேட்க, மூன்றாவது பதில் கேட்க என்று எழுதியிருக்கிறார். மீதியை ஆப்ப மாவில் ஊற்றிப் புளிக்கவைப்பார். சூட்டில் போதையெல்லாம் பறந்துவிடும். ஆப்பம் பஞ்சு மாதிரி வரும். “என் வீட்டுக்காரர் பீர் குடிப்பதில்லை. சாப்பிடுவார்,” என்று ஒரு பதிவில் எழுதியதால், பாலு சாரின் அண்ணன் வீட்டாரோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அவர் எழுத்தை மறந்துபோனவர்களுக்காக ஒன்றை மட்டும் எடுத்துத் தருகிறேன். பார்லி ஒயின் என்ற வலுவான ஏல் பற்றியது. “செம்பு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்த நிறம். மூக்கில் முதலில் காய்ந்த பேரீச்சை. வாயில் கருப்பட்டிப் பாகு. பாகு அடிபிடிக்கப்போகிறது என்று ஓடிவந்து அடுப்பை அணைப்போமே, அந்தக் கணம். தொண்டையில் சுக்கு இல்லாமலே சுக்கின் சூடு. இதை மடமடவென்று குடிப்பவரை மன்னிக்கலாம், ஆனால் திரும்ப வீட்டுக்கு அழைக்க வேண்டாம்.” எங்கள் ஊர்ப் பக்கம் “ஸ்ட்ராங்” என்றால் ஒரே பொருள்தான்: சீக்கிரம் ஏறுவது. அந்தச் சொல்லைப் பிடித்திழுத்து நாக்கின் பக்கம் கொண்டுவந்தவர் அவர்.

கம்பெனியில் யாரோ ஒருவர் அந்தப் பதிவை அச்செடுத்து மனிதவளப் பிரிவில் கொடுத்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். உள்ளே நடந்ததை அவரே மதியச் சாப்பாட்டில் நடித்துக் காட்டினார். அதிகாரி, “பொம்பளைங்க நிறைய வேலை செய்யற இடம் மேடம், நீங்க இப்படி எழுதலாமா?” என்றிருக்கிறார்.

“கம்பெனி பேர எங்கயாவது எழுதியிருக்கேனா சார்? இல்ல. குடிச்சுட்டு வேலைக்கு வந்திருக்கேனா? இல்ல. யாரு சொன்ன வார்த்தையையாவது மாத்திச் சொல்லியிருக்கேனா? அதுவும் இல்ல. பொறவு என்ன கேக்கணுமோ கேளுங்க.”

அதிகாரி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “இந்தக் கருப்பட்டி வாசனை வர்றது எங்க மேடம் கிடைக்கும்?” என்றாராம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி கம்பெனி பஸ்ஸில் காத்திருந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பெருமை பேசுவது சரியாகாது. செல்வி என் பக்கத்தில் நின்று வேலை செய்பவள், உள்ளூர்க்காரி. ஷிப்ட் முடிந்து எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தோம். செல்வி எழுந்து அக்காவின் இருக்கைக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், நீங்க அத மோந்து பாத்து, கருப்பட்டி கீது, சுக்கு கீதுன்னு எழுதிக்கினு கீறீங்களாமே. என் வூட்டுக்காரன் குடிச்சிட்டு வந்து புள்ளைங்க சோத்துத் தட்ட தூக்கி வாசல்ல எறியறான். அதுல இன்னா வாசனை கீதுன்னு எழுதுவீங்களா?”

ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. அதிகாரியை மடக்கிய வாய் இங்கேயும் ஏதாவது சொல்லும் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா, “இல்ல செல்வி. அதுக்கு என்ட்ட வார்த்தை இல்ல,” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உக்காரு,” என்றார். செல்வி உட்காரவில்லை. படப்பை வரை நின்றபடியே வந்தாள்.

அந்த வாரம் இணையப் பக்கத்தில் மதிப்புரை வரவில்லை. செல்வியிடம் போய் அனுமதி கேட்டு, பெயர் சொல்லாமல், அவள் கேட்ட கேள்வியை மட்டும் போட்டார். அதன் கீழே இரண்டு வரி: “இதைக் கேட்டவர் சொல்வது உண்மை. நான் எழுதுவதும் உண்மை. இரண்டும் ஒரே பஸ்ஸில்தான் வருகின்றன.” அதற்குப் பிறகு ஒவ்வொரு மதிப்புரைக்கும் மேலே, குடி உங்கள் வீட்டில் நோயாக இருந்தால் இதை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள், துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன் என்று எழுதலானார். அதை எல்லாரும் அலங்காரத்துக்கு எழுதியது என்று நினைத்தார்கள். செல்வி நினைக்கவில்லை. ஒருநாள் கேன்டீனில் வந்து, “வரேன்னு எழுதிகீறீங்களே, வருவீங்களா?” என்று கேட்டாள். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு செல்வியோடும் அவள் கணவரோடும் மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் சொன்னதை அந்த ஆளுக்குப் புரியும் தமிழில் சொன்னார். அந்த ஆள் வாய்க்குள் முனகியதை டாக்டருக்குப் புரியும்படி சொன்னார். அந்த ஆள் குடியை நிறுத்தினார், திரும்ப விழுந்தார், திரும்ப நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் அக்கா போனார். இப்போது அந்த வீட்டில் தட்டுகள் தட்டுகளாக இருக்கின்றன.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் வந்து எல்லாருக்கும் போன காய்ச்சல்தான். அக்காவுக்குப் போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தால் ஒன்றுமில்லை. வாயில் இனிப்பு, உப்பு, கசப்பு என்று தெரியும்; அதற்கு மேல் ஒரு வாசனையும் தெரியாது. சரியாகிவிடும் என்றார்கள். மாதங்கள் போயின. சரியாகவில்லை.

அவர் அதை மறைக்கவில்லை. “இன்று ஊற்றிய ஏல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாலு எடுத்த படம் மட்டும் தருகிறேன்,” என்று பக்கத்தில் எழுதினார். பழைய அனுபவத்தை வைத்து எழுதலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சில நண்பர்கள் சொன்னார்கள். “ஞாபகத்த வச்சு எழுதினா அது மதிப்புரை இல்ல, கதை. கதை எழுத எனக்கு வராது,” என்றுவிட்டார். அந்த நாட்களில் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட எனக்கே கஷ்டமாக இருக்கும். தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருப்பார்.

ஒருநாள் அப்படி மென்றுகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “வனஜா, உன் வாய எனக்குத் தாயேன்,” என்றார்.

நான் அதுவரை மதுவைத் தொட்டதில்லை. என் கணவர் மறைமலை நகரில் வேலை செய்கிறார். எப்போதாவது கல்யாணத்துக்குப் போனால் கொஞ்சம் சாப்பிட்டு வருவார், அதற்கே நான் சண்டை பிடித்திருக்கிறேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். திகைத்துப் போய், “நான் குடிச்சா சண்டை, நீ குடிச்சா வேலையா?” என்றார். பிறகு அவரே, “அந்த அம்மாவுக்காகன்னா போ. ஆனா வண்டி நான்தான் ஓட்டுவேன்,” என்று ஞாயிற்றுக்கிழமை காலை படப்பையில் அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். மணி பதினொன்று. வெளியே நல்ல வெயில்.

பாலு சார் குவளையை ஜன்னலில் வைத்துப் படம் எடுத்தார். நாங்கள் நுரை அடங்கும்வரை காத்திருந்தோம். அக்கா என் எதிரே, ஜப்பானியருக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிற அதே நிமிர்வோடு உட்கார்ந்தார். நான் ஒரு மிடறு குடித்தேன்.

“ஐயோ! கசக்குது அக்கா! நல்லாவே இல்ல!”

“நல்லாருக்கா இல்லையான்னு நான் கேக்கல. என்ன இருக்குன்னு சொல்லு.”

“கசப்பு.”

“எந்தக் கசப்பு? வெந்தயமா?”

“இல்ல. வெந்தயம் ஈரமா இருக்கும். இது காஞ்ச கசப்பு. நார்த்தங்கா ஊறுகால தோல மட்டும் கடிச்சா மாதிரி.”

“ம். அதுக்கு அடியில?”

இரண்டாவது மிடறு. கண்ணை மூடச் சொன்னார். ஏதோ ஒன்று இருந்தது, பெயர் வரவில்லை. “எனக்குத் தெரிஞ்சதுதான் அக்கா, ஆனா சாப்பிடற பொருள் இல்ல,” என்றேன். “சாப்பிடாட்டா என்ன? எங்க இருக்கு அது? வீட்டுக்குள்ளயா, வெளியயா?” வெளியே. “வெயிலா, மழையா?” வெயில். “நீ நிக்கியா, உக்காந்திருக்கியா?” நிற்கிறேன். காலில் சுடுகிறது. காலில் சுடுகிறது என்று சொன்னதும் அது என்னவென்று தெரிந்துவிட்டது.

“நெல்லு அக்கா! அவிச்ச நெல்ல கொட்டிக் காய வெப்பாங்க இல்ல, கால்ல தள்ளிக்கினே போவோமே, அப்ப ஆவி வரும் பாரு. அந்த வாசனை!”

அக்காவும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூக்கு விரிந்து சுருங்கியது. “வந்துட்டு,” என்றார். “எனக்கு வாசனை வரல. ஆனா களம் தெரியுது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூணாவது மிடறு குடி. சும்மா அழுதுக்கிட்டிருந்தா சூடாயிரும்,” என்றார்.

அந்த மதிப்புரை வெளிவருவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, பெயர் போடலாமா என்று கேட்டார். வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம், வெறும் ‘வ’ என்றும் போடலாம் என்றார். நான் இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் பக்கம் எதிர்த்துப் பேசுகிற பெண்ணை நாக்கு நீளம் என்று திட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து நான் வாங்கிய திட்டு அது. முழுப் பெயரையே போடச் சொன்னேன். பதிவின் அடியில் வந்தது: “நாக்கு: வனஜா. வார்த்தை: கோமதி. புகைப்படம்: பாலு.” என் மாமியாருக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். வீடே இடியும் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “நெல்லு வாசனையா வருது அந்தக் கருமத்துல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப புழுங்கல்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெங்களூருவில் சிறிய ஆலைக்காரர்கள் கூடி ஒரு சுவைப்பு நிகழ்ச்சி வைத்தார்கள். அக்காவுக்கு அழைப்பு வந்தது. அவர் என்னையும் சேர்த்துக்கொண்டு போனார். வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும், முதல் குவளை வருவதற்கு முன்பே, தனக்கு வாசனை தெரியாது என்பதை எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மேசையில் ஒருவர், கேலியாக அல்ல, உண்மையாகவே புரியாமல், வாசனை தெரியாதவர் இங்கே என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அக்கா சொன்னது இது: “இத்தனை வருஷமாக அடுத்தவர் வாயில் இருப்பதை எடுத்துச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். காரை நீயா செய்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை.” மேசை சிரித்தது. நாற்காலி கிடைத்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் சொன்னார். புழுங்கல் நெல்லை அவர்களுக்கு விளக்குவதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. எழுந்து நின்று காலால் நெல்லைத் தள்ளியும் காட்டினார்.

அன்று ஒரு கறுப்பு ஏலில் எனக்குத் துருப்பிடித்த இரும்பு வாசம் அடித்தது. சொன்னேன். அடுத்ததிலும் அடித்தது. மூன்றாவதிலும். ஆலைக்காரர்கள் முகம் வாடிப்போய், தங்கள் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா என் பக்கம் சாய்ந்து, “காலைல என்ன சாப்பிட்ட?” என்றார். இட்லி. “வேற?” அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரத்தம் கம்மி என்று டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. ரயிலில் தண்ணீர் இல்லாமல் கடித்து விழுங்கியிருந்தேன். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டுவிடலாம் என்று கெஞ்சினேன்.

“லைன்ல தப்பு பீஸ் போனா நீ என்ன செய்வ?”

“நிறுத்துவேன்.”

“அப்ப நிறுத்து.”

அவரே எழுந்து, எங்கள் மூன்று கருத்துகளையும் திரும்பப் பெறுகிறோம், துரு உங்கள் ஆலையில் இல்லை, எங்கள் மாத்திரையில் இருக்கிறது என்று சொன்னார். அவ்வளவு பலமான சிரிப்பை அந்த அறை கேட்டிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். திரும்பி வரும் ரயிலில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஜோலார்பேட்டை வரை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூக்கு திரும்பி வந்த கதையையும் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் அருகே ஒரு பம்பு பழுதாகி, பொறியாளர்களோடு அக்காவும் அங்கே போயிருந்தார். நாங்கள் தேநீர் இடைவேளைக்கு வெளியே நின்றிருந்தோம். புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு, இரும்பு ஷூ தடதடக்க எங்களை நோக்கி ஓடிவந்தார்.

“நாத்தம்! ஏ வனஜா, நாத்தம் அடிக்கி! அழுகின முட்டை நாத்தம்! வாங்கட்டி எல்லாரும்!”

என் கையைப் பிடித்துத் தொட்டி ஓரத்துக்கே இழுத்துப் போய், “இருக்குல்லா? நெசமாவே அடிக்கில்லா?” என்று கேட்டுக் கேட்டு மூச்சை இழுத்தார். மோரி சான் மூக்கைப் பொத்திக்கொண்டு கைதட்ட முடியாமல் தவித்தார். அதற்குப் பிறகு வாசனைகள் ஒவ்வொன்றாக, பாதியாகவும் முக்காலாகவும் திரும்பி வந்தன. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் விடவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சுவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். நாங்கள் சண்டை போட்டதை நீங்கள் படித்து ரசித்தீர்கள். அவர் எள் என்ற இடத்தில் நான் கரி என்பேன். அவர் ஒருமுறைகூட என் வரியைத் திருத்தியதில்லை.

அடக்கத்தன்று படப்பை வீட்டுத் தெருவில் நிற்க இடமில்லை. சங்கரன்கோவிலிலிருந்து சொந்தங்கள் விடிவதற்குள் வந்துவிட்டார்கள். லைன் பெண்கள் இரண்டு ஷிப்டிலிருந்தும் வந்திருந்தார்கள். மனிதவள அதிகாரி மாலையோடு வந்தார். மோரி சான் தெருமுனையிலேயே இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, பிறகுதான் உள்ளே வந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர், தாழ்ந்த குரலில் என்றாலும் எல்லாருக்கும் கேட்கும்படி, “குடிச்சா இப்படித்தான் போகும். பொம்பள குடிக்கலாமா?” என்றார். பாலு சார் காதில் அது விழுந்தது. நான் எழுந்தேன். எனக்கு முன்னால் செல்வி எழுந்துவிட்டாள்.

“பெரியவரே, தெரியாம பேசாதீங்க. குடின்னா இன்னான்னு எனக்குத் தெரியும். பத்து வருசம் அதோட குடித்தனம் பண்ணவ நானு. இந்தம்மா பண்ணது அது இல்ல. இந்தம்மா இல்லன்னா என் வூட்டுல அடுப்பு எரியாது.” அவள் கணவர் பின்னால் நின்றிருந்தார், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில். உறவினர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்கு எத்தனையோ பேர் புகழுரை சொன்னார்கள். செல்வி சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போது எங்களுக்குப் புதிய மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார். நன்றாகப் படித்தவர், மரியாதையானவர். போன வாரம் புதிதாக வந்த கையுறைகளைப் போட்டால் மதியத்துக்குள் பெண்களுக்குத் தலைவலி வருகிறது என்று மோரி சானிடம் சொன்னேன். புதியவர் மொழிபெயர்த்தார். மோரி சான் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் தலைக்கு அதாமா என்று சொல்வார்கள் என்பது மட்டும் தெரியும். மொழிபெயர்ப்பாளர் சொன்னதில் அதாமா இல்லை.

“தம்பி, இன்னா சொன்னீங்க அவராண்ட?” என்றேன்.

“கையுறை கொஞ்சம் நல்லதா இருந்தா உதவியா இருக்கும்னு சொன்னேங்க.”

“நான் உதவி கேக்கல. மண்ணெண்ணெயில ஊறப்போட்ட சைக்கிள் டியூபு மாதிரி நாறுது, மதியத்துக்குள்ள தலை வெடிக்குதுன்னு சொன்னேன். நான் சொன்னத சொல்லுங்க.”

அவர் மோரி சான் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். இந்த முறை அதாமா இருந்தது. மோரி சான் முகத்திலிருந்து சிரிப்பு போனது. எத்தனை பேருக்கு, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் சொன்ன பதில் குறையாமல் அவருக்குப் போய்ச் சேர்வதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அந்தப் பெட்டிகள் சிவப்பு நாடா ஒட்டி ஓரமாக எடுத்து வைக்கப்பட்டன.

கோமதி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். நான் உணர்ந்ததை வேறு யாரும் எனக்காகக் குறைத்துச் சொல்ல இனி விடமாட்டேன்.